துளை விழுந்த புயவெலும்பு

முழங்கைக்குச் சற்று மேலே, புயவெலும்பின் முன்புறம் ஒரு குழி, பின்புறம் ஒரு குழி. கையை நீட்டும்போது முழங்கை முனை பின்குழியில் போய் அமரும். மடக்கும்போது முன்கை எலும்பின் மூக்கு முன்குழியில் அமரும். இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய ஒரு தகடு. சன்னலருகே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் மங்கலாகக் கசியும். சிலருக்கு அந்தத் தகட்டில் துளை இருக்கும். வெளிச்சம் நேரே கண்ணில் விழும்.

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் எனக்குக் கைமாறி வந்த எலும்புத் தொகுப்பில் இடது புயவெலும்பு அப்படித்தான் இருந்தது. தசை தொடங்குமிடம் சிவப்பு, முடியுமிடம் நீலம் என்று முன்பு படித்த அக்காக்கள் தீட்டிய வண்ணம் பாதி அழிந்திருந்தது. கீழே பட்டாணி நுழையுமளவு ஓட்டை. யாரோ கீழே போட்டு உடைத்திருக்க வேண்டும் என்று விடுதியில் பேச்சு. பேராசிரியர் அதை வாங்கி விரலால் தடவினார். “உடைஞ்ச எலும்புன்னா விளிம்பு குத்தும்மா. இது வழவழன்னு இருக்கு பாரு. ஆள் உயிரோட இருந்தப்பவே இருந்த துளை இது.”

சிறு குழந்தைகளுக்குத் தகடு முழுசாகவே இருக்கும், வளர வளரத்தான் சிலருக்குக் கரைகிறது என்றார். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். வலக்கையைவிட இடக்கையில் அதிகம். அன்றிரவு முழுக்க, இது ஒரு பெண்ணின் கையோ என்றே மனசு சுற்றிக்கொண்டிருந்தது. 1985-இல் இந்தியாவிலிருந்து எலும்பு ஏற்றுமதி தடைசெய்யப்படும்வரை உலகத்து மருத்துவ மாணவர்கள் பலர் படித்த எலும்புகள் கல்கத்தாவிலிருந்து போனவை. பெரும்பாலும் ஏழைகளுடையவை. தருகிறாயா என்று உயிரோடிருந்தபோது அவர்களை யாரும் கேட்டதில்லை. என் கட்டிலுக்கடியில் இருந்தவளையும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் எதைத் தூக்கினாள், யாரை இடுப்பில் வைத்திருந்தாள் என்றெல்லாம் எலும்பு சொல்லாது. துளையை மட்டும் காட்டும்.

அந்தத் துளையை மறுபடி சந்தித்தது டார்வினின் 1871-ஆம் ஆண்டு நூலில். பாரிஸ் கல்லறை ஒன்றின் எலும்புகளில் நூற்றுக்கு நாலரை, வெண்கலக் காலக் குகை ஒன்றில் 32-க்கு 8 என்று பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா எண்ணியதை அவர் எடுத்துக்காட்டுகிறார். பழைய மனிதர்கள் விலங்குக்கு இன்னும் கிட்டே நின்றதன் அடையாளமாக இதை எண்ணினார். எனக்கு அது ஒப்பவில்லை. நம் நாட்டு எலும்புகளை இந்தக் காலத்தில் எண்ணியவர்கள் பலருக்கும் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்றே கிடைக்கிறது. அவள் எந்த ஆதிகாலத்தின் மிச்சமும் இல்லை, நம்மில் ஒருத்தி.

ஆனால் அதே பக்கங்களில் டார்வின் சொல்லும் இன்னொரு மாறுபாடு என்னை விடவில்லை. புயவெலும்பின் உட்பக்கம், முழங்கைக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே, சுமார் நூறில் ஒருவருக்கு ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து கீழே ஒரு நார் இறங்கும். பூனைக்கு அந்த இடத்தில் முழு எலும்பு வளையமே உண்டு, நடுநரம்பு அதற்குள் நுழைந்து போகும். ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் ஜான் ஸ்ட்ரதர்ஸ் இந்த முள்ளை ஆண்டுக்கணக்கில் தேடித் தொகுத்தவர். நாருக்கு அவர் பெயர்தான். ஒரு தகப்பனுக்கும் அவருடைய ஏழு பிள்ளைகளில் நால்வருக்கும் அது இருந்ததை அவர் கண்டார்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த முள் வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராது. சிலருக்கு அந்த நாரின் கீழே நரம்பு நெரிபடும். விரல்கள் மரத்துப்போகும், எல்லோரும் மணிக்கட்டையே பார்ப்பார்கள். துளையின் கதையும் இப்படித்தான்: எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரிவதைக் கட்டி என்று பயந்து வந்தவர்கள் உண்டு. பாடநூலில் வரைந்த எலும்பு அச்சாக அப்படியே யாருக்கும் இருப்பதில்லை என்பதை முதலாண்டிலேயே அவள் எனக்குக் காட்டிவிட்டாள்.

இப்போது மருத்துவராக, விரல் மரத்துப்போகிறது என்று வருகிறவர்களுக்குப் புயத்தின் உட்பக்கத்தையும் தடவிப் பார்க்கிறேன். ஏதாவது தட்டுப்பட்டால் கையைச் சற்றுத் திருப்பிவைத்து எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறேன். நேர்ப்படத்தில் அந்த முள் எலும்போடு ஒளிந்துவிடும். பிறகு, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்கிறேன்.