மயங்கி விழுந்த கம்ப்யூட்டர்

இன்னைக்கு கம்ப்யூட்டர் கொஞ்சம், மருத்துவம் கொஞ்சம். பொறுமையா கடைசி வரை படிங்க. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு விஷயம் இருக்கு.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி என் கிளினிக். மேசையில் ஒரு பழைய டெஸ்க்டாப். நோயாளிகள் விவரம் முழுக்க அதில்தான். போன மாசம் அது திடீர் திடீர்னு அணைய ஆரம்பித்தது. நீலத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. டைப் பண்ணிட்டு இருக்கும்போதே பொசுக்குனு இருட்டு. கொஞ்ச நேரம் கழித்து பட்டனை அழுத்தினால், ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.

நானே வைத்தியம் பார்த்தேன். விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தது. கண்டுபிடிச்சாச்சுன்னு சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்கு அர்த்தம், முறையாக ஷட் டவுன் ஆகாமல் மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்பது மட்டுமே. ஏன் என்று அது சொல்லாது. இறப்புச் சான்றிதழில் "இதயம் நின்றதால் மரணம்" என்று எழுதுவது போல. இதயம் நிற்காமல் யார் சாகிறார்கள்?

சரி, எஸ்.எம்.பி.எஸ். போச்சு என்று நானே முடிவு செய்து புதுசு மாட்டச் சொன்னேன். மூணாம் நாள் மறுபடியும் பொசுக்.

அப்புறம்தான் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பி வந்தார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"ஆன் பண்ணதும் அணையுதா, ரொம்ப நேரம் ஓடி அணையுதா சார்?"

ரொம்ப நேரம் ஓடி அணைந்தால் முதலில் சூட்டைச் சந்தேகிக்கணுமாம். தூசி அடைத்த ஹீட் சிங்க், நின்றுபோன விசிறி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட். ப்ராசசர் கருகாமல் இருக்கத் தானே அணைத்துக்கொள்ளும். ஆன் பண்ண உடனே அணைந்தால் ஷார்ட், லூஸ் கனெக்ஷன், போர்டில் தலை வீங்கிய கெப்பாசிட்டர் என்று தேடணும்.

"அணையும்போது ரூம்ல வேற என்ன சார் ஓடிட்டு இருந்துச்சு?"

நான் முழித்தேன். நர்ஸ் சொன்னாங்க: "நான் ஸ்டெரிலைசர் போடும்போதுதாங்க ஆஃப் ஆகுது. சார்கிட்ட அப்பவே சொன்னேன்."

சொன்னாங்கதான். "அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்"னு கேட்டவன் நான்.

தம்பி மேசைக்கு அடியில் இருந்த யூ.பி.எஸ்.ஸை இழுத்தார். ஸ்டெரிலைசர் போட்டதும் வோல்டேஜ் ஒரு நொடி சரியுது, யூ.பி.எஸ். உடனே பேட்டரிக்கு மாறுது. நாலு வருஷப் பேட்டரி. மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட், நார்மல். லோடு கொடுத்ததும் 9க்குக் கீழே விழுந்தது. கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஸ்டெரிலைசரைப் போட்டோம். லைட் மங்கியது, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

"சும்மா இருக்கும்போது பார்த்தா நல்லாத்தான் சார் காட்டும். வேலை குடுத்துப் பார்க்கணும்" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை.

ரெண்டு மாசம் முன்னாடி எழுபது தாண்டிய ஒரு பெரியவர் வந்தார். தலைசுற்றி விழுகிறார். சுகர் நார்மல். ஈ.சி.ஜி. நார்மல். உட்கார வைத்துப் பார்த்த பி.பி. 130/80. "வெயில்ல நடக்காதீங்க, தண்ணி குடிங்க"ன்னு அனுப்பிட்டேன். அவர் மனைவி கதவருகே நின்று, "படுக்கையில இருந்து எந்திரிக்கும்போதுதான் டாக்டர் தள்ளாடுறாரு" என்றார். காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை. பத்து நாளில் ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தவர் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன்.

மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். படுக்க வைத்து 140/80. வாக்கரைப் பிடித்து நிற்க வைத்து ஒரு நிமிஷத்தில் 108/64. நான் கொடுத்த பி.பி. மாத்திரையோடு, வேறு இடத்தில் வாங்கிய புராஸ்டேட் மாத்திரையும் போய்க்கொண்டிருந்தது. ரெண்டும் சேர்ந்து அழுத்தத்தை இறக்குது. மாத்திரைகளை மாற்றினேன்.

"நீங்க சொன்னதுதாம்மா சரி, நான்தான் கேட்கல" என்றேன்.

"இனிமே யாராவது சொன்னா கேளுங்க டாக்டர்" என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் நடந்த மனுஷன், இப்போ திண்ணையில் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்க்கிறார்.

உங்க கம்ப்யூட்டர் திடீர்னு அணைந்தால், எதையும் வாங்குவதற்கு முன் யூ.பி.எஸ்.ஸை விலக்கி நேராக மாட்டிப் பாருங்க. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களா பிரிக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.

வீட்டுப் பெரியவங்க எழும்போது தள்ளாடினால், "படுக்க வச்சும் நிக்க வச்சும் பி.பி. பாருங்க"ன்னு டாக்டரிடம் தைரியமா கேளுங்க. நின்ற மூணு நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கவனிக்கணும். சாப்பிடும் எல்லா மாத்திரையும் பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

டாக்டர் காது கொடுக்கலைன்னா, இன்னொரு தடவை சொல்லுங்க.