சிறுத்துப்போன கையெழுத்து

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்த புதிதில் எனக்குச் செய்தி எழுதக் கற்பித்தவர் ஒரு மூத்த துணை ஆசிரியர். முத்து முத்தான கையெழுத்து அவருடையது. 1990களின் நடுப்பகுதியில் அந்த எழுத்துக்கள் வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போயின. பின்னர் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார் வைத்தியர்.

1998 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தொம்சன் குழுவினர், ஆரம்பநிலை மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து ஆய்வுகூடத்தில் வளர்த்திருந்தனர். உடலின் எந்தக் கலமாகவும், நரம்புக் கலமாகவும்கூட, மாறவல்லவை அவை. அச்செய்தியைத் தமிழாக்கியவன் நான். 'நடுக்குவாதத்துக்கு விரைவில் தீர்வு' என்று தலைப்பிட்டவனும் நானே.

மறுநாள் அவர் அந்தப் பத்திரிகை நறுக்குடன் என் மேசைக்கு வந்தார்.

"எப்ப வரும் தம்பி?"

"பத்து வருஷத்துக்குள்ளை வந்திடும் ஐயா."

அந்தப் பத்து வருடக் கணக்கு எந்த விஞ்ஞானியும் சொன்னதன்று. 2004இல் அவர் காலமானார்.

நடுமூளையில் டோபமின் சுரக்கும் நரம்புக் கலங்கள் அழிவதாலேயே இந்நோயின் நடுக்கமும் விறைப்பும் தோன்றுகின்றன. ஏதோவொரு நரம்புக் கலத்தை உருவாக்கினால் போதாது. அந்த வகைக் கலமே வேண்டும். கரு வளர்கையில் இயற்கை தரும் சமிக்ஞைகளை அதே ஒழுங்கில் வளர்ப்புத் தட்டில் கொடுக்க வேண்டும். மாறாத ஸ்டெம் செல்கள் சில எஞ்சினாலும் மூளையில் கட்டி உருவாகக்கூடும்.

2006இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஷின்யா யமனாக்கா, நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் சாதாரண உடற்கலங்களை ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டு மனிதக் கலங்களிலும் அது கைகூடியது. 2012இல் நொபெல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் வளர்த்த நரம்பு முன்னோடிக் கலங்களை 2018 முதல் கியோட்டோவில் ஏழு நோயாளரின் மூளையில் வைத்தனர். முடிவுகள் 2025 ஏப்ரலில் வெளியாகின. பாரதூரமான பக்கவிளைவு எதுவுமில்லை. பலன் அளவிடப்பட்ட அறுவரில் நால்வருக்கு, மருந்தின் வேகம் தணிந்திருந்த வேளையிலும் உடலசைவு மேம்பட்டிருந்தது.

அச்செய்தி வந்த வாரத்தில், தகப்பனாருக்கு இந்நோயுள்ள வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஏழு பேர், அறுவர், நால்வர் என்ற கணக்கை அப்படியே சொன்னேன். நோயை மாற்றியதாக எவரும் கூறவில்லை என்றேன். ஆண்டுக் கணக்கு எதையும் இம்முறை நான் சொல்லவில்லை.