நான் உண்டாக்கிய காலிப் பணியிடம்

நடுக்குவாதம் வந்த ஒரு தமிழாசிரியருக்குச் சட்டம் கொடுத்திருந்த பாதுகாப்பை அவரிடமிருந்து மறைத்து, அவரை விருப்ப ஓய்வில் அனுப்பிவைத்தேன். 2019-இல் நடந்தது. அப்போது நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். விதி தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தேன். அது பொய். எனக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஐயாவின் கரும்பலகை எழுத்துக்கு எங்கள் ஒன்றியத்திலேயே பெயர் உண்டு. நோய் முதலில் அந்த எழுத்தில்தான் தெரிந்தது. வரியின் தொடக்கத்தில் வழக்கம்போல இருக்கும் எழுத்து, போகப் போகச் சிறுத்து, வரி முடியும்போது எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிடும். பிறகு குரல் இறங்கியது. செய்யுளை அவர் வாய்விட்டுப் படிப்பார். மூன்றாம் பெஞ்சுக்கு மேல் கேட்காது. பின்வரிசைப் பையன்கள் பேச ஆரம்பிப்பார்கள். அதட்டவும் அவரிடம் குரல் இல்லை.

ஒருநாள் என் அறைக்கு வந்து, “சார், காலையில மாத்திரை போட்டா பதினோரு மணி வரைக்கும் கை சொன்ன பேச்சு கேக்குது. எனக்கு வகுப்பெல்லாம் முன்னாடியே போட்டுக் குடுங்க. மதியம் நோட்டுத் திருத்துறது, நூலகம்னு எதுவா இருந்தாலும் பாத்துக்கறேன்” என்றார். கால அட்டவணையை ஒரு மாலையில் மாற்றியிருக்கலாம். காலை நேரம் கணக்குக்கும் அறிவியலுக்கும் வேண்டும், பத்தாம் வகுப்பு இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

என் மனதில் ஓடியது வேறு. ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பில் போனால் அந்த இடம் காலியாகாது. காலியாகாத இடத்துக்கு இடமாறுதல் கலந்தாய்வில் ஆள் வரமாட்டார். வகுப்பை மற்றவர்கள் தலையில் கட்ட வேண்டும். அவர்கள் முகம் சுளிப்பார்கள். தேர்ச்சி விழுக்காடு இறங்கினால் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவன் நான். அவர் ஓய்வில் போய்விட்டால் பணியிடம் காலி, புது ஆள், என் தொல்லை தீர்ந்தது. இதைத்தான் கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கை அக்கறையாக மாற்றிப் பேசவும் எனக்குத் தெரிந்திருந்தது. “உடம்ப இப்படி வருத்திக்கக் கூடாது ஐயா. 20 வருஷம் சர்வீஸ் முடிஞ்சிருச்சு. விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா வீட்ல இருங்க. பென்ஷன் வரும்” என்றேன். பணிக்காலத்தோடு 5 ஆண்டு வரை கூட்டிக் கணக்கிடுவார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னேன். நான் சொன்ன எதுவும் தவறில்லை. அவருக்கு லாபமான எதையும் நான் சொல்லவில்லை என்பதுதான் குற்றம்.

சொல்லாமல் விட்டது இது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் 20-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது என்கிறது. பார்த்த வேலைக்குத் தகுதியில்லாமல் போனால், அதே சம்பளத்தோடும் பணிப்பலன்களோடும் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை, அவருக்கென்றே கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவிலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. ஒரு காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி இந்த உரிமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் நடுக்குவாதமும் ஒன்று. மாணவர்களுக்காக அந்தப் பட்டியல் சுவரொட்டியாகப் பள்ளிக்கு வந்தபோது, என் அறைச் சுவரில் நானே நின்று ஒட்டவைத்தேன். ஐயா விண்ணப்பம் எழுதியபோது அது என் கண்ணுக்கு நேரே இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வாசகங்களை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கை நடுங்கியதால் இரண்டாவது தாளில் திரும்ப எழுதினார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

விருப்ப ஓய்வுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு உண்டு. அந்தக் காலத்துக்குள் அனுமதி பெற்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. அந்த மூன்று மாதமும் தினம் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட என் மேசைக்கு வந்துபோனார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர் இழந்தது என்ன? அப்போது அவருக்கு 52 வயது. 2020-இல் அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. 2021-இல் 60 ஆக்கியது. மாற்றுப் பணியில் இருந்திருந்தால் 2027 வரை முழுச் சம்பளம் வந்திருக்கும். இப்போது கைக்கு வருவது ஏறத்தாழ அதில் பாதி. மாத்திரைச் செலவோ ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. பணியில் நீடிக்கவே முடியாத நிலை வந்திருந்தாலும், மருத்துவக் குழுவின் சான்றோடு இயலாமை ஓய்வூதியத்தில் போயிருக்கலாம். குறிப்பிட்ட வயதுக்குள் அப்படி ஓய்வு பெறுபவரின் பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்கும் வழி இருக்கிறது. விருப்ப ஓய்வில் போனவருக்கு அந்த வழி அடைபட்டுவிடும். இதையும் அறிந்துதான் எழுதி வாங்கினேன்.

அந்த ஆண்டுக் கலந்தாய்வில் புது ஆசிரியர் வந்தார். 2020-இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே ரத்தாகி, எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. எந்த விழுக்காட்டுக்காக அவரை அனுப்பினேனோ, அதைக் கேட்க அந்த ஆண்டு ஒருவரும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டாரு சார்” என்றார். மன்னிப்பு கேட்டேன். கேட்டதால் எதுவும் திரும்பி வந்துவிடாது. அவர்கள் மன்னித்ததாகவும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

விடுப்பில் போனவருக்குப் பதில் ஆள் தராத நடைமுறை, தலைமை ஆசிரியரை நோயாளிக்கு எதிரே நிறுத்துகிறது என்பது உண்மை. நான் வாய் திறக்காததற்கு அது காரணமாகாது. அந்த அறையில் விதி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவர் என்னை நம்பித்தான் வந்தார்.

நோயோடு பள்ளிக்குப் போய்வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். யார் எவ்வளவு பரிவாகச் சொன்னாலும் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் நோய் அந்த 21 வகையில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கி, 20(4) பிரிவைக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். புற்றுநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த நோய் உள்ளவர்கள் மருத்துவ விடுப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பணிப்பதிவேட்டில் பார்த்துவிட்டு, பிறகு மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். 2003 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்ந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் பாதியில் விலகியவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்த தொகையும் அரசின் பங்கும் மொத்தமாகக் கிடைத்தனவே தவிர, மாத ஓய்வூதியம் கிடைக்கவில்லை.

என் இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளியான ஆசிரியர் உங்கள் முன் வந்து நின்றால் அவருக்கு இருக்கும் எல்லா வழிகளையும் சொல்லுங்கள். உங்களுக்குத் தொல்லை தரும் வழியை முதலில் சொல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை. ஒரு குடும்பம் இன்றுவரை மாதாமாதம் அதற்கு விலை கொடுக்கிறது.