கட்டிய பின்னரே தவக்குல்

மலை தமிழர்க்கு அயலான இடமன்று. குறிஞ்சி எனப் பெயரிட்டு, அந்நில வாழ்வை அகப்பொருளுக்குக் களமாக்கியவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் நூல். 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் பெருங்கௌசிகனார் மலையின் எழிலைப் பாடுவதோடு அமையவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், கால் வழுக்கும் இடங்கள் என வழியின் இடர்களையும் எடுத்துரைக்கிறார். மலையேறுவோர் முதலில் இடரை அறிதல் வேண்டும். அதற்கேற்பத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

துறை மாணவர்களை மலைப்பயணம் அழைத்துச் செல்லும் பொறுப்பு நமக்கு வாய்த்த ஆண்டுகளில், இவ்வுண்மையைப் பலமுறை எண்ணிப் பார்த்துள்ளோம். காலணி, பை, போர்வை, விளக்கு என நாம் பட்டியல் கொடுக்கும்போதெல்லாம் பெற்றோருள் எவரேனும் ஒருவர், "அல்லாஹ் காப்பான், இத்தனை ஆயத்தம் எதற்கு?" என்று வினவுவதுண்டு. அன்பினால் எழும் வினாதான் அது. எனினும் விடை கூறாது விடத்தக்க வினாவன்று.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு ஒருமுறை சென்றிருந்தோம். 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து, ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியைக் கண்டோம். திரும்பி ஏறுகையில் மாணவர் ஒருவரின் காலணியிலிருந்து அடித்தோல் முழுவதும் கழன்று வீழ்ந்தது. வளைகுடாவிலிருந்து அவருடைய அண்ணன் வாங்கி அனுப்பிய விலையுயர்ந்த காலணி அது. அருமை கருதிப் பல ஆண்டுகளாகப் பெட்டியிலேயே வைத்திருந்தாராம். இத்தகைய காலணிகள் பலவற்றின் அடிப்பகுதி பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருளால் ஆனது. காற்றின் ஈரம் பட்டுப் பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். அணியாமல் வைத்திருந்தாலும் இச்சிதைவு நில்லாது. பார்வைக்குப் புதிதாய் இருப்பது பாதையில் கைவிடுவது இவ்வாறுதான். உடன் வந்த நண்பர் தம் துண்டை இரண்டாகக் கிழித்து அக்காலணியைக் கட்டிவிட்டார். மெல்ல மெல்ல ஏறி வந்து சேர்ந்தோம்.

துண்டு கிழிபட்ட ஓசையில் நமக்கு அஸ்மா (ரலி) அவர்களின் நினைவு வந்தது. கி.பி. 622-இல் நிகழ்ந்த ஹிஜ்ரத் பயணத்தின்போது, உணவுப் பையைக் கட்டக் கயிறு இல்லாமையால் தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டியவர் அவர். 'இரு கச்சைகளுக்கு உரியவர்' என்ற சிறப்புப் பெயரும் அதனால் வாய்த்தது. அப்பயணத்தின் ஆயத்தங்களை நோக்குங்கள். அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு திங்கள் தீவனமிட்டுப் பேணி வைத்திருந்தார்கள். தவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்குவது என முன்பே திட்டமிடப்பெற்றது. பாலைவழி நன்கறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித், இஸ்லாத்தைத் தழுவாதவராயினும், வழிகாட்டியாக அமர்த்தப்பெற்றார். இறைவனின் துணை உறுதியாக வாய்த்த பயணத்திலேயே இத்தனை ஆயத்தம் இருந்தது! ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியும் நாம் அறிந்ததே. ஆயத்தம் தவக்குலுக்குப் பகையன்று. அதன் முதற்படியே ஆகும்.

அங்ஙனமாயின் நம்பத்தகுந்த பொருளை எங்ஙனம் தேர்வது? விலையும் விளம்பரமும் அதனை அறிவியா, சோதனையே அறிவிக்கும். காலணியை மாலை வேளையில் வாங்குதல் நன்று. பகலெல்லாம் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். இறக்கத்தில் விரல்நுனி முன்புறம் மோதாதவாறு இடம் இருத்தல் வேண்டும். வாங்கிய பின் சில வாரங்களேனும் ஊருக்குள் அணிந்து நடந்து பழக்கிய பின்னரே மலைக்குக் கொண்டு செல்க. அடித்தோலின் அருமையை உலகம் துயரத்தால் கற்றது. 1935-இல் இத்தாலிய மலைகளில் தம் தோழர் அறுவரை இழந்தார் விட்டாலே பிரமானி. தகுதியற்ற காலணியும் அவ்விழப்பிற்கு ஒரு காரணம் எனக் கருதிய அவர், ஆழ்ந்த வெட்டுகள் கொண்ட ரப்பர் அடித்தோலை உருவாக்கினார். இன்றைய மலைக்காலணிகள் பலவற்றுக்கு முன்னோடி அதுவே.

உடைக்கு வருவோம். உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். நமக்குப் பழகிய பருத்தி, நனைந்தால் நீரைப் பிடித்து வைத்து உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். மழையும் குளிருமான மலைக்குக் கம்பளியோ விரைந்து உலரும் செயற்கை இழையோ ஏற்றது. ஆயின் செயற்கை இழை நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அடுப்பருகே கவனம் தேவை. மழைக்காப்பு உடையை வீட்டுக் குழாயடியிலேயே நனைத்துப் பாருங்கள். பையின் சுமை தோளில் மட்டும் தொங்காமல் இடுப்புப் பட்டையில் தங்குதல் வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆகவே நீர் தவிர்த்த பிறவற்றில் சிக்கனம் காட்டுக. விளக்கின் மின்கலங்களைக் கழற்றித் தனியே வைத்தால் கசிந்து கெடுக்கா.

இவையெல்லாம் இருந்தும் போதாத இடமுண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். தீயின்முன் எந்தப் பையும் காலணியும் காவலாகா. பருவம் அறிதலும், வனத்துறையின் இசைவும், வழியறிந்தார் துணையுமே அங்குக் காவல். அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை வனத்துறையே வழிகாட்டிகளுடன் ஒழுங்குபடுத்தித் திறந்தது. அத்தகைய பாதைகளையே மாணவர்கள் நாடுதல் சாலச் சிறந்தது.

ஒருவர் காலணி அறுந்தால் உடன் வருவோர் அனைவரின் நடையும் தளர்கிறது; ஒருவர் விளக்கு அணைந்தால் அனைவர்க்கும் இருள் சூழ்கிறது. ஆதலின் நம் மூட்டை நமக்கு மட்டும் உரியதன்று. தோழர்கள் நம்மிடம் வைத்த அமானிதம். பிள்ளைகளை நம்பி அனுப்பும் பெற்றோர்க்கு நாம் கூறும் விடையும் இதுவே: அல்லாஹ் காப்பான், ஐயமில்லை, கட்ட வேண்டிய முடிச்சை நாம் கட்டிவிட்டு அவனிடம் கையேந்துவோம். மாணவச் செல்வங்கள் மலைகளைக் காணட்டும். நலமுடன் இல்லம் திரும்பட்டும். ஆமீன்.