தொண்ணூறு யூரோ மிச்சம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் வீட்டு அம்மாள் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்ஸிலுமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, எங்க பொண்ணு ஜெர்மனியிலே ஸ்டட்கார்ட்டுலே இருக்கா இல்லையா? அடுத்த மாசம் நானும் அவரும் கிளம்பறோம். பிளேன் பிராங்க்பர்ட்டோட நின்னுடுமாம். அங்கேருந்து ரயிலாம். எப்படி டிக்கெட் எடுக்கிறது, எங்கே ஏறுறது, எல்லாம் விவரமாச் சொல்லுங்க. நீங்கதான் போயிட்டு வந்தவராச்சே!"

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. ஜெர்மன் ரயில் சாஸ்திரத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானம் இருப்பது உண்மை. ஆனால் அது பரீட்சையில் தேறி வந்த ஞானம் அல்ல. கோட் அடித்து வந்த ஞானம்! அந்தக் கதையைச் சொல்லாமல் யோசனையை மட்டும் சொன்னால் அது நேர்மையாகாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

2024-ஆம் வருஷம் மே மாதம் என் அம்மாவை அழைத்துக்கொண்டு என் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டேன். தங்கைக்குத் தலைப் பிரசவம். டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. "வலி எடுக்கிற நேரத்துக்கு நான் பக்கத்திலே இருக்கணும்டா" என்று அம்மா மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்து நாலு வயதில், அதற்கு முன் மதுரையைத் தாண்டி எங்கும் போகாதவள், அந்த ஒரு ஆசைக்காக விமானம் ஏறினாள்.

திட்டம் முழுவதும் நான் போட்டது. ஊர்ப் பெயரிலேயே முதல் சங்கடம். நமக்கு ஆலங்குடி என்றால் குரு ஸ்தலமா, புதுக்கோட்டைப் பக்கத்து ஆலங்குடியா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது அல்லவா? ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டும் அப்படி இரண்டு. பெரிய விமான நிலையம் இருப்பது மைன் நதிக் கரைப் பிராங்க்பர்ட். மற்றொன்று ஓடர் நதிக் கரையில், போலந்து எல்லையில், எங்கோ கிழக்கே இருக்கிறது. தங்கையின் ஊரான ஹாலேயும் இரண்டு! அவள் இருப்பது ஸாலே நதிக் கரை ஹாலே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்று, தமிழிலே புத்தகம் அச்சிட்ட சீகன்பால்கு படித்த ஊர் அதுதான். மற்ற ஹாலே மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரோடு நதியின் பெயரையும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை மட்டும் நான் சேதமில்லாமல் கற்றேன்.

அடுத்தது டிக்கெட். அங்கே நெடுந்தூர வண்டிகளுக்கு இரண்டு தினுசு விலை உண்டு. 'ஸ்பார்ப்ரைஸ்' என்பது சிக்கன விலை. முன்கூட்டி வாங்கினால் வெகு மலிவு. ஆனால் டிக்கெட்டில் எழுதியிருக்கும் அந்த ஒரே வண்டியில்தான் போகலாம். அதைத் தவற விட்டால் டிக்கெட் வெறும் காகிதம். 'ஃப்ளெக்ஸ்ப்ரைஸ்' என்பது முழு விலை. அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு அந்த வழியில் போகும் எந்த வண்டியிலும் ஏறலாம்.

நான் எதை வாங்கினேன் என்று சொல்லவும் வேண்டுமா? விமானம் காலை 7-50-க்கு இறங்குகிறது. 9 மணிக்கு ஒரு வண்டி. நடுவே 70 நிமிஷம், தாராளம் என்று கணக்குப் போட்டேன். விமானம் தரையைத் தொடுவது வேறு, நாம் வெளியே வருவது வேறு என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை. பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டிகளுக்காகக் காத்திருந்து, அம்மாவின் பிரசவ லேகியம் சுற்றிய மூட்டையைத் தேடிப் பிடித்து நாங்கள் வெளியே வந்தபோது மணி 8-45.

இன்னும் கால் மணி இருக்கிறதே என்று ரயில் படம் போட்ட பலகையைப் பார்த்து அம்மாவை விறுவிறு என்று இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அங்கே ஒரு ரயில் நிலையம் இருந்தது. எங்கள் வண்டிதான் இல்லை! பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்கு ரயில் நிலையம் இரண்டு. முதல் டெர்மினலுக்கு அடியில் இருப்பது உள்ளூர் வண்டிகளுக்கு. நெடுந்தூர வண்டிகளுக்கு 1999-இல் திறந்த வேறொரு நிலையம் இருக்கிறது. 'ஃபெர்ன்பான்ஹோஃப்' என்று பெயர். அதற்கு மேல்தளத்திலிருந்து பாலம் வழியாகப் போக வேண்டும். நாங்கள் ஏறி இறங்கி மூச்சு வாங்க அங்கே போய்ச் சேர்ந்தபோது பிளாட்பாரம் காலியாக இருந்தது. எங்கள் வண்டி சொன்ன நேரத்துக்குச் சரியாகப் புறப்பட்டுப் போய்விட்டது.

ஜெர்மன் ரயில் என்றால் கடிகாரம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பழங்கதை. அந்த 2024-ஆம் வருஷத்தில் நெடுந்தூர வண்டிகளில் 62.5 சதவிகிதம்தான் நேரத்துக்கு வந்தன. அதிலும் 6 நிமிஷத்துக்குக் குறைந்த தாமதத்தை அவர்கள் தாமதமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. நூற்றுக்கு முப்பத்தேழு வண்டி தாமதமாக வரும் தேசத்தில், என் வண்டி மட்டும் நேரம் தவறாமல் கிளம்பியது என் ஜாதக விசேஷம்!

டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டாள். ரயில் தாமதமாகி, போய்ச் சேர 20 நிமிஷமாவது பிந்தும் என்றிருந்தால், சிக்கன டிக்கெட்டிலும் வேறு வண்டியில் போகலாமாம். விமானத்திலிருந்து வெளியே வர நேரமானதற்கு ரயில்வே பொறுப்பல்ல. நியாயந்தானே? "இன்னும் கொஞ்ச நேரத்தில் நகரத்துப் பெரிய ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டி இருக்கிறது. உள்ளூர் வண்டியில் கால் மணியில் அங்கே போய்விடலாம். ஆனால் முழு விலைதான்" என்றாள். "12 மணிக்கு மேல் ஒன்று இருக்கிறது, அதில் சிக்கன விலை மிச்சம் இருக்கிறது" என்றும் சொன்னாள்.

வித்தியாசம், இரண்டு பேருக்குமாக 90 யூரோ. மனத்துக்குள் ரூபாயாக்கிப் பார்த்தேன். தலை சுற்றியது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்ததில் கால் வீங்கி, பெட்டி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இப்பவே போற வண்டி இருக்காடா?" என்றாள்.

"இருக்கும்மா. ஆனா வீண் செலவு. பத்து நாள் இருக்கே, ரெண்டு மணி நேரத்துலே என்ன வந்துடப் போகுது?" என்றேன்.

அம்மா பதில் பேசவில்லை.

நகரத்துப் பெரிய ஸ்டேஷனில் காத்திருந்தோம். அங்கே நீல நிற மேல்சட்டை போட்ட ஒரு அம்மாள் எங்களைக் கண்டு, அருகில் வந்து விசாரித்து, உள்ளே அழைத்துப் போய் அம்மாவை உட்கார வைத்து வெந்நீரும் தேநீரும் கொடுத்தாள். 'பான்ஹோஃப்ஸ்மிஷன்' என்கிற தர்ம ஸ்தாபனமாம் அது. 1894-இல் பெர்லினில் முதன்முதலாக ஏற்பட்டது. கிராமத்திலிருந்து வேலை தேடித் தனியாக ரயிலில் வந்து இறங்கும் இளம் பெண்கள் கெட்டவர்கள் கையில் அகப்படாமல் காப்பாற்றுவதற்காகத் தொடங்கினார்களாம். இன்று நூற்றுக்கு மேற்பட்ட ஸ்டேஷன்களில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் உதவி கேட்கலாம், காசு கிடையாது. தனியாகப் போகும் தாய்மார்கள் இந்தப் பெயரையும் நீலச் சட்டையையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு வழியாக வண்டி ஏறினோம். டிக்கெட் இருந்தால் உட்கார இடம் உண்டு என்று அர்த்தமல்ல. அதற்குத் தனியே பணம் கட்டி ரிஸர்வ் செய்ய வேண்டும். செய்யாதவர்கள், ஆசனத்துக்கு மேலே ஊர்ப் பெயர் எழுதாத இடமாகப் பார்த்து உட்காரலாம். நான் அந்தச் செலவையும் மிச்சம் பிடித்திருந்தேன். மூன்று பெட்டி நடந்த பிறகே அம்மாவுக்கு இடம் கிடைத்தது.

ஐஸநாக் என்ற ஊரை நெருங்கும்போது மலை உச்சியில் வார்ட்பர்க் கோட்டை தெரிந்தது. மார்ட்டின் லூதர் 1521-இல் மறைந்திருந்து பைபிளின் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்க்கத் தொடங்கிய கோட்டை. அதை அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது என் ஃபோன் ஒலித்தது. மாப்பிள்ளை பேசினார். குரல் தழுதழுத்தது.

விடியற்காலையிலேயே வலி எடுத்துவிட்டதாம். பிரயாணத்தில் இருக்கிறவர்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று அவர் சொல்லவில்லையாம். பெண் குழந்தை. தாயும் குழந்தையும் சௌக்கியம். "ஒரு மணிலேருந்து 'அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா" என்றார்.

முதல் வண்டியை விட்டதற்குப் பிறகும் வாய்ப்பு இருந்தது. அந்தப் பெண்மணி சொன்ன வண்டியில் ஏறியிருந்தால் ஒரு மணிக்கு முன்பே ஹாலேயில் இறங்கியிருப்போம். அம்மாவுக்கும் அது தெரிந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதி அடைந்திருப்பேன். ஜன்னல் வழியே வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"எவ்வளவுடா மிச்சம் பிடிச்சே?"

"தொண்ணூறு யூரோம்மா."

"சரி, போகட்டும். அதுலே குழந்தைக்கு ஒரு வெள்ளிக் கொலுசு வாங்கிப் போடு."

இவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு இன்று வரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எதிர் வீட்டு அம்மாள் பென்ஸிலைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அப்போ மலிவு டிக்கெட்டே வாங்கக் கூடாதா?" என்றார்.

அப்படி இல்லை. ஜெர்மனிக்குள் ஓர் ஊரில் தங்கி, நிம்மதியாகத் தூங்கி எழுந்து, காலையில் இன்னோர் ஊருக்குப் போவதானால் சிக்கன டிக்கெட் மிகவும் சரி. வண்டி மாற வேண்டியிருந்தால் நடுவே அரை மணிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். விமானத்திலிருந்து இறங்கும் நாளைக்கு மட்டும் வேறு ஏற்பாடு. சில விமானக் கம்பெனிகள் 'ரயில் அண்டு ஃப்ளை' என்று விமான டிக்கெட்டோடு ரயில் டிக்கெட்டையும் சேர்த்துத் தருகின்றன. அதில் ஒரே வண்டி என்ற கட்டுப்பாடு கிடையாது. அது கிடைக்காவிட்டால் முழு விலை டிக்கெட். ஊருக்குத் திரும்பும் நாளில், விமானத்தைப் பிடிக்கப் போதுமான வண்டிக்கு முந்திய வண்டியில் ஏறிவிட வேண்டும்.

"அங்கே மாசம் முழுக்க எந்த ரயிலிலும் போக ஒரே டிக்கெட் உண்டுன்னு பொண்ணு சொன்னாளே?"

உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள். 2025 ஜனவரியில் 58 ஆயிற்று. 2026 ஜனவரியில் 63 ஆயிற்று. தேசம் முழுவதும் உள்ளூர் வண்டி, பஸ், டிராம் எல்லாவற்றிலும் போகலாம். வேகமாகப் போகும் நெடுந்தூர வண்டிகளில் மட்டும் செல்லாது. மகளோடு ஒரு மாதம் தங்கிக் கோயில் குளம் என்று சுற்றுவது போல அக்கம் பக்கத்து ஊர்களைச் சுற்றிப் பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் அது மாதச் சந்தா. 10-ஆம் தேதிக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அடுத்த மாதமும் பணம் பிடித்துவிடுவார்கள்.

இதற்குள் அம்மா காப்பி கொண்டு வந்து வைத்தாள். நாங்கள் பேசியது முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. "இன்னொண்ணும் எழுதிக்குங்க" என்றாள். "ஊருக்குத் திரும்பறப்போ பிராங்க்பர்ட் பெரிய ஸ்டேஷன்லே வண்டி கொஞ்ச நேரம் நின்னுட்டு, வந்த பக்கமாவே திரும்பிப் போகும். இவன் பதறிப் போய்ப் பெட்டியைத் தூக்கிட்டு இறங்கப் பார்த்தான். நான்தான் பக்கத்துலே இருந்தவங்களைப் பார்த்தேன், யாரும் அசையலே. உட்காருடான்னேன்."

உண்மைதான். அந்த ஸ்டேஷனில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வண்டி திசை மாறித்தான் வெளியே வர வேண்டும். நான் எழுதி வைத்திருந்த பதினாறு குறிப்புகளில் அது இல்லை.

எதிர் வீட்டு அம்மாள் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு நோட்டைப் புரட்டி, முதல் பக்கத்தின் தலைப்பில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதினார். என்ன என்று எட்டிப் பார்த்தேன்.

'அவர்கிட்டே கேட்காம முழு விலை டிக்கெட் எடுத்துடணும்' என்று இருந்தது.