பைபர் காரும் சுங்குடிப் புடவையும்

எங்கள் ஊர் திருவேங்கடம். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம். இப்போது தென்காசி மாவட்டம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால், கரிசல் பூமியான எங்களுக்குக் காற்றுதான் மிச்சம். போன ஆனி மாதம் அந்தக் காற்று, வாசல் வேப்பமரத்தின் கிளையொன்றை முறித்து எங்கள் காரின் பின் மூலையில் போட்டது. ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

கார் என்றதும் புதுக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். இது டால்பின். 1982-ல் பெங்களூரில் சிபானி கம்பெனியார் செய்யத் தொடங்கிய சின்னக் கார். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைப் பார்த்துச் செய்தது. 848 சி.சி. எஞ்சின், இரண்டே கதவு. உடம்பு தகரம் அல்ல, பைபர் கிளாஸ். என் கணவர் 1988-ல் மதுரையில் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கி வந்தார். அவர் தவறி மூன்று வருஷமாகிறது. ஆடித் தபசுக்கு அந்த வண்டியில்தான் சங்கரன்கோவில் போவோம். அவர் இருந்தவரை ஒரு வருஷமும் தவறியதில்லை.

"பழைய இரும்புக்குப் போட்டுடும்மா" என்றான் சென்னையிலிருந்து மகன். "இதுல இரும்பு எங்கடா இருக்கு?" என்று நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் காட்டினேன். "தட்டி எடுத்து, புட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சிட்டா தெரியவே தெரியாதும்மா" என்றார்கள். தகரம் நசுங்கும், தட்டினால் நிமிரும். பைபர் நசுங்காது, உடையும். தட்டினால் இன்னும் உடையும். விரிசலின் மேல் வெறும் புட்டியை அப்பினால் வண்டியின் அதிர்ச்சியில் நாலு மாதத்தில் அதே கோடு மறுபடியும் எட்டிப் பார்க்கும். இதெல்லாம் என் கணவர் திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னது. என் காதிலும் விழுந்திருந்தது.

விசாரித்ததில், தூத்துக்குடியில் பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிற தம்பி ஒருவர் கிடைத்தார். வந்து சுற்றிப் பார்த்தார்.

"அந்த மூலையை மட்டும் புதுசா மாத்த முடியாதா தம்பி?" என்று கேட்டேன்.

"கம்பெனி நின்னு எத்தனையோ வருஷமாச்சே அம்மா! புதுசு செய்யணும்னா அச்சு எடுக்க இதே மாதிரி இன்னொரு வண்டி வேணும். இந்தப் பக்கத்து மூலையில அச்சு எடுத்தா அந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது, இடது கைச் செருப்பை வலது கால்ல போட்ட கதையாயிடும்" என்றவர், தான் சொன்னதில் கையும் காலும் குழம்பியது தெரிந்து தானே சிரித்துவிட்டார். "ஒட்டிடலாம். ஆனா உள் பக்கத்துலேர்ந்து ஒட்டணும்."

டிக்கியின் உள்ளே இருந்த அட்டையைக் கழற்றினார். "அம்மா, இங்க ஏற்கெனவே ஒட்டு இருக்கே" என்றார்.

இருக்கத்தான் செய்யும். 1989-ல் நான் கார் ஓட்டப் பழகியபோது, பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று முற்றத்து ஆட்டுக்கல்லில் இடித்த இடம் அது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் கொட்டகையில் ஏதோ மருந்து நாற்றம். மூன்றாம் நாள் சாவியைக் கையில் கொடுத்து, "மறுபடியும் ஓட்டு" என்றார். அவ்வளவுதான்.

"கண்ணாடி நார் கிடைக்காம துணி வெச்சு ஒட்டியிருக்காங்கம்மா. பிசின்ல ஊறினா துணி கண்ணாடி மாதிரி ஆயிடும், பாருங்க" என்று டார்ச் அடித்தார். எட்டிப் பார்த்தேன். தேன் நிறப் பிசினுக்குள்ளே கருநீலத் துணி. அதில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

அது என் சின்னாளப்பட்டி சுங்குடிப் புடவை.

சகோதரிகளே, அந்தப் புடவையின் கதையைச் சொல்ல வேண்டும். வற்றல் காயப் போடுவதற்கென்று பழந்துணி மூட்டையில் வைத்திருந்தேன். பழசுதான், ஆனால் அம்மா எடுத்துக் கொடுத்தது. ஒருநாள் தேடினால் காணோம். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காவைக் கேட்டேன். கேட்டேன் என்ன, எடுத்தாய் என்றே சொன்னேன். "நான் எடுக்கலை தாயி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மறுநாளிலிருந்து வரவில்லை. வராததையே சாட்சியாக எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து இரண்டு வீடுகளிலும் சொல்லிவைத்தேன். என் கணவர் கேட்டபோது, "அவளா நின்னுட்டா" என்றேன். சண்டையை அவரிடம் சொல்லியிருந்தால் அன்றே உண்மை வெளியே வந்திருக்கும். அவருக்கு அது வெறும் பழந்துணி!

"இதை எடுத்தே ஆகணுமா தம்பி?"

"எடுக்கணும் அம்மா. பருத்தி ஈரம் குடிக்கும். ஓரமெல்லாம் விட்டுப் போயிருக்கு. இது மேல ஒட்டினா புது ஒட்டும் சேர்ந்து பெயர்ந்துடும். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல தாங்கியிருக்கே, பரவாயில்லை."

பேரன் உடனே தன் பங்குக்கு ஒன்று சொன்னான்: ஜெர்மனியில் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை செய்த டிராபன்ட் காரின் உடம்பே பருத்திக் கழிவும் பீனால் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்ததாம். "தாத்தா ஒண்ணும் தப்பாப் பண்ணலை ஆச்சி" என்றான். தப்புப் பண்ணியது யார் என்பது எனக்கல்லவா தெரியும்?

வேலை நடந்த விதத்தையும் சொல்கிறேன். ஈரக் காற்று ஆகாது என்று நல்ல வெயில் நாளாகப் பார்த்து வந்தார். விரிசல் மேலே ஓடாதிருக்க இரண்டு நுனியிலும் சிறு துளை போட்டார். உள்பக்கத்தைச் சரிவாகத் தேய்த்து, அசிடோனால் துடைத்தார். கண்ணாடி நார் விரிப்பைச் சின்னது, அதைவிடப் பெரியது, இன்னும் பெரியது என்று மூன்றாக வெட்டினார். 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் வரை ஹார்டனர். ஒரே தடவையில் நிறையக் கலந்தால் டப்பாவிலேயே சூடேறிப் புகையுமாம். பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். மறுநாள் வெளிப்பக்கம் மெல்லிசாகப் புட்டி, தண்ணீர் தொட்டு எமரி பேப்பர், பிறகு பெயிண்ட்.

உடம்பு விஷயத்தில் கவனம் வேண்டும். அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஊசி. அவர் முகமூடியும் கையுறையும் போட்டிருந்தார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த நான், அரிக்கிறதே என்று வெந்நீரில் தேய்த்துக் குளித்து, இரண்டு நாள் அவஸ்தைப்பட்டேன். தேய்க்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீரை நிறைய விட்டுக் கழுவ வேண்டுமாம். அந்தத் துணிகளைத் தனியே துவைக்க வேண்டும். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக் கழுவியபடியே டாக்டரிடம் ஓட வேண்டும். ஹார்டனரையும் கோபால்ட் மருந்தையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ரெசின் நெடி ஆகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பெயர்த்தெடுத்த ஒட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே அந்த அக்காவைத் தேடிப் போனேன். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். துண்டைக் கையில் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளிகளைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொன்னேம்லா, தாயி."

"சொன்னீங்க அக்கா. நான்தான் கேக்கலை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அப்புறம் இந்த ஊர்ல எந்த வீட்லயும் கூப்பிடலை. தீப்பெட்டி ஒட்டித்தான் பிள்ளைகளை வளர்த்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். காலை நோக்கிக் குனிந்தேன். "அதெல்லாம் வேணாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகளிடம், "காப்பி போடு" என்றார். அன்று கேள்விப்படாத அந்த இரண்டு வீட்டாரின் மருமக்களிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

ஆடித் தபசுக்கு டால்பின் சங்கரன்கோவில் போனது. பேரன் ஓட்டினான். முன் சீட்டில் அக்கா. பின் சீட்டில் நான். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் திரும்பி அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அசையவில்லை.

வீட்டில் ஏதாவது காணாமற்போனால், சகோதரிகளே, முதலில் பொருளைத் தேடுங்கள். ஆளைத் தேடாதீர்கள்.