மண்ணுக்குக் காது கொடுப்பவர்

மானாமதுரையில் மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி. சட்டியும் அடுப்பும் அகல்விளக்கும் வெயிலுக்குக் காத்து வரிசையாகக் கிடந்தன. நான் தேடிப் போனது கடம் செய்யும் வீட்டை. வழி கேட்கத் தேவைப்படவில்லை, சத்தமே கூட்டிக்கொண்டு போனது. டப், டப், டப் என்று ஒரே சீரான தட்டல்.

திண்ணையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் ஈரம் முழுதாய்க் காயாத பானை. இடது கை பானைக்குள் ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்திருக்க, வலது கையிலிருந்த மரத் தட்டுப்பலகை வெளியே சரியாக அந்தக் கல்லுக்கு நேராக விழுந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் பானை ஒரு விரற்கடை சுழன்றது. "உக்காருங்க தம்பி, இந்தச் சுத்து முடியட்டும்" என்றவர், அதன் பிறகு கால் மணி நேரம் பேசவில்லை.

கண்மாய் மண்ணோடு மணல் கலந்து, காலால் மிதித்து, சக்கரத்தில் வனைவது வரை அவர் கணவரின் வேலை. சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது, திறந்தே இருக்கும். சுவரும் தடிமன். தட்டித் தட்டித்தான் அடி மூடுகிறது, சுவர் இறுகுகிறது, வயிறு உருள்கிறது. ஒரு கடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பார்த்தேன். முந்நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதற்குள் கால்வாசிகூட முடிந்திருக்கவில்லை. தட்டிவிட்டு நிழலில் வைக்க வேண்டும், கொஞ்சம் இறுகியதும் எடுத்து மறுபடி தட்ட வேண்டும். இப்படி நாள்கணக்கில் போகும்.

சமையல் பானைக்கு இத்தனை பாடு இல்லை. கடம் வாசிப்பவரின் விரல் கழுத்தில் விழும், வயிற்றில் விழும், அடியில் விழும். எங்கே தட்டினாலும் சுருதி ஒன்றாக நிற்க வேண்டும். ஓரிடத்தில் சுவர் மெலிந்தாலும் நாதம் பிசகிவிடும். மிருதங்கத்தைப் போல வாரை இழுத்துச் சுருதி கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. சூளையிலிருந்து எந்தச் சுருதியோடு வெளியே வருகிறதோ, ஏறக்குறைய அதுதான் அதன் ஆயுள் முழுக்க. அதனால்தான் வித்வான்கள் கச்சேரிக்கு ஏற்றபடி வேறு வேறு கடங்களை வைத்திருக்கிறார்கள். சென்னைக் கடம் எடை குறைவு, விரலுக்குச் சுலபம். மானாமதுரைக் கடம் கனம். விரல் உழைக்க வேண்டும், உழைத்தால் கணீரென்று பேசும்.

ஆக, ஈர மண்ணாக இருக்கும்போதே அதன் நாளைய குரலைக் கணித்தாக வேண்டும். பச்சை மண்ணில் நாதம் ஏது? அந்த டப் சத்தத்தில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்தது. ஓரிடத்தில் பலகை நின்றது, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், அங்கேயே ஏழெட்டு அடி கூடுதலாகப் போட்டார். "இங்க இன்னும் சோம்பலா இருக்கு" என்றார்.

கட வித்வான் விக்கு விநாயக்ராம் 1970களில் 'சக்தி' இசைக்குழுவோடு கடத்தை உலக மேடைகளில் ஏற்றினார். இதே ஊரின் மீனாட்சி அம்மாளுக்குக் கடம் செய்ததற்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் இந்தத் திண்ணையில் இருக்கும் அக்கா ஒரு சபாவுக்குள்கூடக் கால் வைத்ததில்லை. மழைக்காலம் வந்தால் பானை காயாது, வருமானமும் நின்றுவிடும். தோள்பட்டை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுக்கிறார். மனநிறைவு என்ற பேரைச் சொல்லி இந்தக் குறைகளை மறைத்துவிடக் கூடாது. உழைப்புக்கேற்ற கூலி அவருக்கு வந்தே தீர வேண்டும்.

"சட்டி, அடுப்பு செஞ்சாலே பொழப்பு ஓடிருமே அக்கா, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

பலகையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே சொன்னார்: "சட்டி செய்யறப்ப பேசிக்கிட்டே செய்வேன். உலையையும் பாத்துக்குவேன், பேரனையும் பாத்துக்குவேன். இது தட்டுற அன்னிக்கு மட்டும் என்னைய யாரும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிருவேன் தம்பி. மாமியா இருந்த காலத்துலயும் அப்பிடித்தான்."

திருமணமாகி வந்த வீட்டில், ஒரு பெண் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்ட நேரம் அது. ரொம்ப நேரம் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் மூட்டிய சூளை ஆறியிருந்தது. கணவர் சாம்பலை விலக்கி, கடங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். முதலாவது கணீரென்றது. இரண்டாவதும் அப்படியே. அக்கா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார்.

மூன்றாவதைத் தட்டினார். எனக்கு அதுவும் நன்றாகத்தான் கேட்டது.

"அதைத் தனியா வைங்க" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அவர் மறுபேச்சுப் பேசாமல் கடத்தை வெளிச்சத்தில் திருப்பினார். கழுத்துக்குக் கீழே, தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல்.